யாரால் என்று எழுதாத கடிதம்

— டைப் அடிக்கறதைக் கொஞ்சம் நிறுத்துங்கோ, சூடாமணி. என் மேஜைல யாரோ மொட்டைக் கடுதாசி வெச்சிருக்கா.

— டைரக்டரோட லெட்டர் பாக்கி இருக்கு, வெங்கடேஸ்வரன் சார். என்ன எழுதியிருக்கு?

— எப்படிச் சொல்றது... இந்த ஆபீஸ் டைப்பிஸ்டை ஒரு சீனியர் கிளார்க் காதலிப்பதாகச் சொல்லப்படுகிறதாம். இங்க ஒரே டைப்பிஸ்ட் நீங்கதான் அல்லே?

— நான்தான். கிளார்க் யாராம்?

— பேரே போட்டிருக்கு. 'வெங்கடேஸ்வரன் இஸ் செட் டு லவ் ஹெர்'. அதுக்குக் கீழே, வெள்ளிக்கிழமை திருநெல்வேலிலேந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை உங்களைப் பெண் பார்க்க வர்றதாக அறியப்படுகிறதாம். நிஜமா?

— நிஜம்தான். அப்பா சாலைக் கடைல பஜ்ஜிக்கு ஏத்தங்காய்கூடச் சொல்லி வெச்சாச்சு.

— ஓ.

— கேட்டேளா, அந்தக் கடுதாசில இங்கிலீஷ் எப்படி?

— ஒரு தப்பு கிடையாது. நம்ம ஆபீஸ்ல அத்தனை பேரும் 'இட் இஸ் இன்ஃபார்ம்ட் தட்'னு எழுதறா. இதுல 'இட் இஸ் லேர்ன்ட் தட்'னு சுத்தமா இருக்கு.

— யாருக்குத் தெரிவிச்சோம்னு சொல்லாம இன்ஃபார்ம் போடப்படாது. நீங்களும் அப்படித்தான் எழுதறேள். நான்தான் சத்தமில்லாம திருத்தி அடிச்சிண்டிருக்கேன்.

— அப்படியா? செரி, ஒரே ஒரு இடம்தான் எனக்குச் சந்தேகம். ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சே, 'டு ஹாவ் லவ்ட்'னு அல்லே வரணும்?

— எது ஆரம்பிச்சு?

— இல்லை... சும்மா, இலக்கணத்துக்குக் கேட்டேன்.

— இலக்கணத்துக்கே சொல்றேன். 'டு ஹாவ் லவ்ட்'னு நிறுத்தினா, அப்போ இருந்தது, இப்போ இல்லைன்னு ஆயிடும். இப்போ இல்லையா?

— இருக்கு.

— அப்போ 'டு லவ்'தான் சரி.

— சூடாமணி, சாயங்காலம் நான் வலியசாலைல உங்க ஆத்துக்கு வந்து அப்பாகிட்டப் பேசட்டுமா?

— உங்க அம்மாவையும் அழைச்சிண்டு வாங்கோ. ஆறு மணிக்கு மேலே அப்பா கோயிலுக்குக் கிளம்பிடுவார்.

— அஞ்சரைக்கே வந்துடறோம். ஆனா இதை எழுதினவன் யார்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. 'செட்', 'லேர்ன்ட்'னு இருக்கே தவிர, யார் சொன்னா, யார் அறிஞ்சா, ஒண்ணும் இல்லையே.

— அந்த மாதிரி பாஸிவ் வாக்கியத்துல யாராலேன்னு எழுத வேண்டியதில்லை சார். உங்களுக்கு அவசியம்னா, கடைசில பேனாவால சேத்துக்கோங்கோ: 'பை சூடாமணி'.