இடது குழல்

— சார், முதல்ல அதை அந்தப் பக்கம் திருப்புங்க. என் நெஞ்சைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டிக்கிட்டு நிக்கறீங்க.

— காலித் துப்பாக்கிக்கா இந்தப் பயம்? துப்பாக்கி ரிப்பேர்க் கடைன்னு போர்டு வேற! லைசென்ஸ் ஆபீசுல ஒரு சீட்டு கேட்கிறான், ஆபத்தில்லாத துப்பாக்கின்னு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நான் போய்க்கிட்டே இருப்பேன், புரியுதா?

— பார்க்காமலே போடச் சொல்றீங்களா?

— நல்லாப் பாருங்க ஐயா. ரெண்டு குழலையும் பாருங்க.

— என் சம்சாரம், கண்டுக்காதீங்க. நீ சும்மா இரும்மா. கூட வரேன்னு அடம் பிடிச்சு வந்தே, வந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு உட்காரு. துப்பாக்கியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாதுங்க. தொடைக்கத்தான் தெரியும்.

— அம்மா, நல்லாத்தான் தொடைச்சிருக்கீங்க. யப்பா, என்ன கனம்! சார், இதுக்கு குண்டு எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினா நாலே குண்டுதான் வரும். நாலுக்கும் மேல அஞ்சாவது வராது.

— எங்க தாத்தா துப்பாக்கின்னா சும்மாவா! யானைக்குன்னே செஞ்சது. தாத்தா வலது குழலால ஒண்ணு விட்டாரு, காது பிஞ்சுபோச்சு யானைக்கு. பதறாம நின்னு, அதே இடத்துல மறுபடி மருந்து கெட்டிச்சாரு. அந்த நிதானத்தைப் பார்த்தே யானை ஓடிப்போச்சு. புரியுதா?

— யானைக்குப் புரிஞ்சிருக்கும் சார். இது வாய் வழியா கெட்டிக்கிறது. கரிமருந்தைக் கொட்டி, மேல துணி சுத்தின குண்டை வச்சு, கோலால இடிச்சு இறக்கணும். அப்புறம் பின்னாடி இந்தக் காம்பு மேல, பொட்டு வெடி மாதிரி ஒரு கேப்பு மாட்டணும். சுத்தியல் மாதிரி இருக்கிற இந்தக் குதிரை வந்து அடிச்சா, நெருப்பு காம்பு ஓட்டை வழியா உள்ளே போயி மருந்தைப் பத்த வைக்கும். இங்க பாருங்க, ரெண்டு குழலும் நேரா இல்லை. லேசா ஒண்ணை ஒண்ணு பார்த்து சாய்ச்சு ஒட்டியிருக்கான். அம்பது கஜம் தள்ளித்தான் ரெண்டு குண்டும் ஒரே இடத்துல சேரும்.

— இவரும் இவர் தம்பியும் அதைவிட மோசங்க. எத்தனை கஜம் தள்ளி நிறுத்தினாலும் சேர மாட்டாங்க.

— துப்பாக்கி யாருதுன்னு அவனுக்கும் எனக்கும் ஒரு சின்னத் தகராறு மெக்கானிக். மூத்தவன் நான், எனக்குத்தானே வரணும்? அவன் அடுத்த வீடு. வாய் நீளும்போதெல்லாம் நான் மாடியில நின்னு ரெண்டு கேப்பு மாட்டி, அவனைக் குறி வச்சு அடிப்பேன். அவனும் சட்டையைத் திறந்து மாரைக் காட்டிக்கிட்டு நிப்பான், ‘சுடுடா பார்க்கலாம்’னு. டப்பு, டப்புன்னு சத்தம் வரும். தெருவே சிரிக்கும். முப்பத்தொரு வருஷமா நடக்குது. போன ஞாயித்துக்கிழமைகூட நடந்துச்சு.

— ரெண்டு குழலும் அடிப்பீங்களா?

— ஒரு குழலை மட்டும் அடிச்சா மரியாதையா இருக்குமா?

— கொஞ்சம் பேசாம இருங்க சார். இந்தக் கம்பியை வலது குழல்ல விடறேன். அடிவரைக்கும் போயிடுச்சு, பாருங்க. இப்ப இடது.

— என்ன, நின்னுபோச்சு?

— வலதைவிட ஒரு சாண் வெளியே நிக்குது.

— துரு இருக்கும்.

— துரு ஒரு சாண் இருக்காது சார். ஒரு தடவை கெட்டிச்சா அரைச் சாண். இதுல ரெண்டு தடவை கெட்டிச்சிருக்கு. உங்க தாத்தா நிதானம்னீங்களே, சுட்டது வலதுல, பதட்டத்துல கெட்டிச்சது இடதுல. ஏற்கெனவே கெட்டிச்சிருந்த குழல்லயே, அது மேலயே இன்னொரு குண்டு. ஈரம் படாம இருந்தா கரிமருந்து நூறு வருஷமானாலும் சாகாது. வெடிச்சிருந்தா முன்னாடி உங்க தம்பி, பின்னாடி குழல் பிளந்து நீங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல துக்கம்.

— ஐயோ. என் தம்பி. மாரைத் திறந்துக்கிட்டு நிப்பானே, மடையன். கொஞ்சம் தண்ணி குடுங்க. எப்படி, எப்படி வெடிக்காம இருந்துச்சு?

— அதைத்தான் பார்க்கிறேன். லென்ஸ் எடுத்துக்கறேன். ம்... இடது காம்பு ஓட்டையில மெழுகு. ஊசியால குத்தி இறுக்கமா அடைச்சிருக்கு. பழசு இல்லை சார், ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும்.

— மெழுகா? அவன்தான்! திருட்டுப் பய, சுவரேறி வந்து அடைச்சுட்டுப் போயி, அப்புறம் வீரன் மாதிரி மாரைக் காட்டியிருக்கான். இவனுக்காகவா அழப்போனேன்?

— அவர் இல்லைங்க. நான்தான் அடைச்சேன்.

— நீயா?

— நீங்க ஒவ்வொரு தடவை அடிச்சதுக்கப்புறமும் எடுத்துட்டு, புதுசா அடைப்பேன். இப்ப கண்ணுல புரை விழுந்திடுச்சு, ஓட்டை சரியாத் தெரிய மாட்டேங்குது. மெக்கானிக்கே கண்டுபிடிச்சு எடுத்துடட்டும்னுதான் கூட வந்தேன்.

— உள்ளே இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— கல்யாணமான புதுசுல தொடைக்கக் குச்சி விட்டேன். ஒண்ணுல போச்சு, ஒண்ணுல போகலை. அது என்ன பெரிய வித்தையா?

— அடிப்பாவி! முப்பத்தொரு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! கூடப் பொறந்தவனை நான் கொன்னிருப்பேனேடி! குழல்ல குண்டு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?

— நீங்க தெரியாமத்தான் அடிச்சீங்கன்னு எனக்கு இப்பத்தானேங்க தெரியும்.