இடப்பக்கத்துச் சீட்

"...எங்க வேணும்னாலும் ஓட்ட போடுண்ணே, அந்தச் சீட்ட மட்டும் கழட்டாத லா."

பிரிஞ்சாங் மலையூரின் வெல்டிங் பட்டறையில் என் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது இந்தப் பேச்சு என் காதை இழுத்தது. சொன்னவர் ஹோட்டல்களில் சன்னல் கண்ணாடி துடைப்பவர். வேனில் தண்ணீர்க் குழாய் சுற்றும் பெரிய ரீலைப் பொருத்த வந்திருந்தார்.

"அந்தச் சீட் எடத்துல ரீல் நின்னாத்தான் தம்பி சுளுவு," என்றார் பட்டறைக்காரர். "இடது கதவத் தொறந்தா குழாய் நேரா ஹோட்டல் வாசலுக்குப் போயிரும். பின்னால வச்சா, மழையில எறங்கி ரெண்டு கதவையும் தொறக்கணும்."

"தொறக்கறேன்."

"சும்மா கெடக்குற சீட்டுக்கு என்னப்பா, மாலை போட்டுக் கும்பிடப் போறியா?"

"எம்பொண்டாட்டி தேயிலைத் தோட்டத்துலேர்ந்து தெனமும் அதுல உக்காந்துதானே வேலைக்கு வருவா. சிங்கப்பூர் கான்ட்ராக்ட் முடிஞ்சு வந்தா எங்க உக்காருவா, பின்னால இருக்கற தண்ணித் தொட்டி மேலயா?"

"தைப்பூசத்துக்கே வர்றான்னியே?"

"இப்போ இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுமான்னு கேக்குறா. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. சீட்டக் கழட்டிட்டா, சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும்ணே."

பட்டறைக்காரர் ரீலைப் பின்கதவுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அந்தச் சீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார் வேன்காரர். போனில் அதை மட்டும் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். பிறகு போனை வாயருகே பிடித்து, "ரீலப் பின்னால வச்சாச்சு" என்று மட்டும் பேசி அனுப்பினார்.