ஒயரைக் கழட்டின பிறகும்

பொழுது சாஞ்சு ஏழு மணி இருக்கும். கல்குவாரியைத் தாண்டினா ஒரு மண்ரோடு பிரியும்... கரண்ட் கம்பம்கூட அந்தப் பக்கம் போகல. கடைசியில ஒரே ஒரு வீடு. இது என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது. சோலார் மெக்கானிக். கூட வேலை பாக்குறவங்க வோல்ட்டுன்னு கூப்பிடுவாங்க. பேய்னு யாராவது வாயைத் திறந்தா, "அது எத்தனை வாட்டு?"ன்னு கேக்குற ஆளு.

கதவைத் திறந்தது ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். முகத்துல சோகமும் இல்ல, கோபமும் இல்ல... கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு.

"பகல்ல நல்லா ஏறுது தம்பி. ராத்திரி நான் எதையும் போடுறதே இல்ல. ஆனாலும் விடியறதுக்குள்ள காலியாயிடுது."

பின்பக்கம் ஒரு ரூம். ஓரத்துல ஒரு கட்டில், மெத்தையைச் சுருட்டி வச்சிருந்தாங்க. மருந்து வாசனை... கூடவே சூடான ரப்பர் வாசனை. சுவத்துல சார்ஜ் கன்ட்ரோலர், அதான் பேட்டரிக்கு வர்ற, போற கரண்டைப் பார்த்துக்குற பெட்டி. கீழ பேட்டரி.

வோல்ட்டு வேலையை ஆரம்பிச்சார். பேட்டரி முனையில பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினார். மீட்டர் வச்சுப் பார்த்தார். பேட்டரி கல்லு மாதிரி நல்லா இருக்கு. சரி, எங்கேயோ கரண்ட் கசியுது. லைட்டு, ஃபேனுக்குப் போற ரெண்டு ஒயரையும் கன்ட்ரோலர்ல இருந்து கழட்டிட்டார். வீடு இருட்டாயிடுச்சு. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஸ்கிரீனைப் பார்த்தார்.

பேட்டரியில இருந்து கரண்ட் வெளிய போய்க்கிட்டு இருக்கு.

ஒயரே இல்ல. போறதுக்கு இடமே இல்ல. ஆனாலும் போகுது.

கன்ட்ரோலர் போயிடுச்சுன்னு நினைச்சார். பேனலைக் கழட்டி, அப்புறம் பேட்டரியைக் கழட்டி, பையில இருந்த புதுசை எடுத்து மாட்டினார். பேட்டரியை முதல்ல கொடுத்தார். ஸ்கிரீன் எரிஞ்சுது. அதே கதை. ஆனா இந்தத் தடவை கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார். நம்பர் மெதுவா ஏறுது... நிக்குது... மெதுவா இறங்குது. திரும்ப ஏறுது.

தன் மூச்சும் அதுகூடவே ஏறி இறங்குறது அவருக்கு அப்புறம்தான் உறைச்சுது.

"இன்னைக்குப் பரவாயில்ல," வாசப்படியில நின்ன அந்தம்மா சொன்னாங்க. "நிதானமா இருக்கு."

"என்னம்மா இது?"

"எங்க வீட்டுக்காரர்."

வானிலை சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. அவருக்குத் தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருமாம். அதுக்கு ஒரு சின்ன மெஷின், முகத்துல மாட்டிக்குவார். நாலு நாள் மழை, வெயிலே இல்ல. பேட்டரி ரொம்ப இறங்கிடுச்சு. இறங்கினா, பேட்டரி கெட்டுடக் கூடாதுன்னு கன்ட்ரோலரே லைனை வெட்டிடும். அதோட வேலையே அதுதானே. அன்னைக்கும் 'டக்'னு வெட்டுச்சு. அந்தம்மா பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. முழிப்பு வரல. விடிஞ்சு பார்த்தா, அவர் மூச்சு நின்னு போயிருந்துச்சு.

"மெஷினை அப்பவே திருப்பிக் கொடுத்துட்டேன் தம்பி. ஆனா தினமும் விடியக்காலையில 'டக்'னு கேக்குது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த 'டக்' மட்டும் வராம பண்ணிடுங்க."

"வெட்டாம விட்டா பேட்டரி செத்துடும்மா."

"சாகட்டுமே," ன்னாங்க.

வோல்ட்டு திரும்பவும் கன்ட்ரோலர்ல கை வச்சார். பயம் வந்திருக்கணும், வரலையாம். வெட்டுற அளவை எவ்வளவு கீழ இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். அதுவும் போதாதேன்னு, வேன்ல இருந்த இன்னொரு பேட்டரியைத் தூக்கிட்டு வந்து பழசோட சேர்த்துக் கட்டினார். கூலி வாங்கல.

மறுநாள் அந்தம்மா போன் பண்ணாங்க. "தூங்கினேன் தம்பி," ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

மழைக்காலம் முடிஞ்சதும் திரும்பக் கூப்பிட்டாங்க. வீட்டை வித்தாச்சு, பொண்ணு வீட்டுக்குப் போறாங்க. வாசல்ல பெட்டி, பக்கத்துல பழைய பேட்டரி.

"உங்களோடதைக் கழட்டிக்குங்க. இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. யாருக்கும் வித்துடாதீங்க. என்னால இதுக்கு மேல பார்த்துக்க முடியல."

திரும்பிக்கூடப் பார்க்காம கார்ல ஏறிட்டாங்க.

வோல்ட்டு அதைத் தன் வீட்டு ஸ்டோர் ரூம்ல வச்சார். எந்த ஒயரும் கிடையாது, சும்மா தரையில. சாயங்காலம் ஃபுல் சார்ஜ். காலையில பார்த்தா பாதிக்கு மேல காலி. தூக்கிப் போட்டுடலாம்னு எத்தனையோ தடவை நினைச்சார். கை வரல. அதனால தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி சார்ஜர் கிளிப்பை மாட்டிட்டுப் படுப்பார். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

ஒருநாள் வெளியூர்ல வேலை இழுத்துடுச்சு, லாட்ஜ்ல தங்கிட்டார். கிளிப்பைக் காலையிலேயே மாட்டிட்டுத்தான் கிளம்பியிருந்தார். நடுராத்திரி பொண்டாட்டி போன்.

"ஏங்க... ஸ்டோர் ரூம்ல யாரோ ஆம்பளை இருமுற சத்தம் கேக்குது."

இவர் எழுந்து உக்காந்தார். "பேட்டரிக்கு... கரண்ட் இருக்கா பாரு."

"கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம். கதவு கிறீச்... அப்புறம் அவ குரல், ரொம்ப மெதுவா, யாரையோ எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி வந்துச்சு:

"இருமல் நின்னுடுச்சுங்க... என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். நீங்க எப்ப வருவீங்க?"