ஓரத்துல என்ன தெரியுது

அறிவிருந்தா வருவானா சார், நீங்களே சொல்லுங்க. ஐஸ் விக்கிறவனே ஷட்டர இறக்கிட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு. கக்கூசுக்குக் கூடப் பூட்டு தொங்குது. இந்தக் காத்துல நாலு வயசுக் குழந்தையக் கூட்டிக்கிட்டு கடல் பாக்க வந்திருக்கான். அந்தா, தண்ணியோரமா, சிவப்புத் தொப்பி போட்ட வாண்டு கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே ஒரு நெட்டை, அவன்தான். என் தங்கச்சி புருஷன். பக்கத்துல பையத் தூக்கிட்டு நிக்கிறது தங்கச்சி. நான் டிரைவர்.

இல்ல இல்ல, தொழில் அது இல்ல. இவங்களுக்கு மட்டும் டிரைவர். தொழில் ஒண்ணு இருக்கு, அத விடுங்க. சார், உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கி நிக்குது, மூக்குல அழுத்தலையா? கொடுங்க ஒரு நிமிஷம். காதுக்கு மேல வர்ற இடத்துல கொஞ்சம் வளைச்சா... ஆங். இப்ப போட்டுப் பாருங்க. பரவால்லையா? சும்மா, கை வந்துருச்சு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? மாப்பிள்ளை. இலை கொட்ட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்ல சார். இது ஏழாவது. ஊர்ல எல்லாரும் வெயில் காலத்துல சுத்தி முடிச்சுட்டு இப்ப போர்வையப் போத்திக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்காங்க. இவரு இப்பத்தான் கிளம்புறாரு, கடை சாத்தினப்புறம் சாமான் வாங்க வந்தவன் மாதிரி. போன வாரம் ஒரு வயக்காடு. அறுத்து முடிச்ச தாளு, சேறு, ரெண்டு மாடு. அதப் பாக்க ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். அதுக்கு முந்தின வாரம் ஒரு கடற்கரை, பூராவும் கூழாங்கல்லு, உக்கார இடமில்ல. அதுக்கும் முன்னாடி ஒரு குன்று. ஏறிப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, மேலயும் ஒண்ணுமில்லன்னு.

ஒவ்வொண்ணுக்கும் மேப் வேற. அவன் தண்ணி ஆபீஸ்ல படம் போடுறவன், எந்தத் தெருவுக்கு அடியில எந்தக் குழாய் போகுதுன்னு வரையிற வேலை. அந்தப் புத்தி எங்க போகும்? கட்டம் போட்ட பேப்பர்ல வாண்டுக்கு மேப் போட்டுக் கொடுப்பான். இங்க ஒரு மரம், இங்க வேலி, இங்க நாய் இருக்கலாம். இருக்கலாமாம். அதுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி வச்சிருக்கான்.

இவ்வளவு மேப் போடுறவனுக்கு நடக்கத் தெரியுதான்னா, அதுதான் இல்ல. குன்று ஏறும்போது வேலிக் கம்பத்துல தோள இடிச்சுக்கிட்டான். கூழாங்கல்லு கடற்கரையில எவனோ கூடாரம் கட்டின கயித்துல கால் மாட்டி விழுந்தான் பாருங்க, ஃப்ளாஸ்க் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். டீ ஊத்தச் சொன்னா பாதி கப்புல, பாதி என் பேன்ட்ல. பக்கவாட்டுல நின்னு நீங்க கை காட்டினா, மகாராஜா கண்டுக்காமப் போவாரு. முன்னாடியெல்லாம் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். ஒருநாள் அலமாரிக் கதவுல முட்டிக்கிட்டான். மாப்பிள்ளை, கதவு உங்களத் தேடி வரல, நீங்கதான் தேடிப் போறீங்கன்னு சொன்னேன். தங்கச்சி முறைச்சா. அவன் நெத்தியத் தேச்சுக்கிட்டே என்கூடச் சேந்து சிரிக்கிறான். ரோஷம் கிடையாது சார் அந்த ஆளுக்கு. எனக்கு ஆகவே ஆகாதது அதுதான்.

அந்தக் கண்ணாடியப் பாருங்க. இங்கிருந்தே தெரியுதில்ல? மூஞ்சில முக்கால்வாசி கண்ணாடி. வீட்டு ஜன்னலக் கழட்டி மாட்டின மாதிரி. எந்த மடையன் இதக் கொடுத்தான்னு தோணும் பாக்குறவங்களுக்கு. தோணட்டும்.

சரி, வந்தோமா, குழந்தைய மண்ணுல விட்டோமா, போனோமான்னு இருக்கணும்ல? பரீட்சை வைப்பான். அதோ, இப்பவும் அதான் நடக்குது. கண்ண மூடிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. என்ன தெரியுது சொல்லும்பான். அது கடல்னு சொல்லும். நாலு வயசு, வேற என்ன சொல்லும்? விட மாட்டான். ஓரத்துல இருந்து ஆரம்பிக்கணுமாம். இந்த ஓரத்துல என்ன, அந்த ஓரத்துல என்ன, நடுவுல இருக்குறதக் கடைசியாச் சொன்னாப் போதுமாம். அந்தக் கூழாங்கல்லு கடற்கரையில, நடுவுல அவ்வளவு பெரிய கப்பல் போயிட்டிருக்கு சார். வாண்டு கப்பல் கப்பல்னு குதிக்குது. இவன், கப்பல் இருக்கட்டும், ஓரத்துல என்னங்கிறான். பாவம், அது இப்படியும் அப்படியும் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுது, இந்தப் பக்கம் ஒரு கல்லு, கல்லு மேல ஒரு பறவை, அதுக்கு ஒரு கால்தான் இருக்கு, அந்தப் பக்கம் ஒருத்தர் குடைகூடச் சண்டை போடுறாருன்னு. அப்பத்தான் அய்யாவுக்குத் திருப்தி. கண்ணத் தொறந்து, அது சொன்ன பக்கமெல்லாம் தலையத் திருப்பித் திருப்பிச் சரி பாக்குறான், ஆபீஸ்ல படத்துக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாக்குற மாதிரி.

ஆனா ஒண்ணு, வாண்டு தேறிடுச்சு. இப்பல்லாம் கேக்காமலே சொல்லுது. அப்பா, இந்தப் பக்கம் பள்ளம். அப்பா, அந்தப் பக்கம் சைக்கிள் வருது. வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டு எனக்கும் சொல்லுது. எனக்கு வேண்டாம், நானே பாத்துக்குவேன்னாலும் கேக்க மாட்டேங்குது. நீ பாக்க மாட்ட மாமாங்குது. எங்க கத்துக்கிச்சோ.

ஏன் கூட வர்றேன்னா? நல்லாக் கேட்டீங்க. வேற யாரு ஓட்டுறது? அவன் வண்டி எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுக்குள்ள அழுத்தம் சார். வலிக்காது, சிவக்காது, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே வரும். நடு மட்டும் கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். அவனுக்கு வலது கண்ணு கிட்டத்தட்ட முடிஞ்சுது. இடதுல, ஒரு குழாய் வழியாப் பாக்குற அளவு மிச்சம். சொட்டு மருந்து விட்டா இருக்குறதக் கொஞ்சம் புடிச்சு வைக்கலாமாம், போனது வராதாம். அடுத்த தடவை இலை கொட்டும்போது இந்தக் கடல் அவனுக்குத் தெரியுமான்னு கேட்டா, பாக்கலாம் பாக்கலாம்கிறாரு டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி கவனிச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னாரு. அத மட்டும் தெளிவாச் சொன்னாரு.

ரெண்டு வருஷம் முன்னாடி வந்தான் சார். டாக்டர்கிட்ட இல்ல. மச்சான், ஓரமெல்லாம் என்னமோ மங்கலா இருக்குன்னு சொல்லிக்கிட்டுத்தான் வந்தான். எழுத்துப் பலகையப் படிக்கச் சொன்னா, கடைசி வரி வரைக்கும் ஒரு தப்பில்லாமப் படிக்கிறான். பக்கவாட்டுல விரல ஆட்டி, தெரியுதான்னு கேக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிஷம். வாசல்ல ரெண்டு பேரு காத்துக்கிட்டிருந்தாங்க. கண்ணுல ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, ஃப்ரேம்தான் சின்னதுன்னு சொல்லி, கடையில இருந்ததுலயே பெருசா ஒண்ண எடுத்து மாட்டி விட்டேன். மறு வருஷம் திரும்ப வந்தான், அதேதான் சொன்னான். அதவிடப் பெருசு வரவழைச்சுக் கொடுத்தேன்.

வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியன் புள்ள சீக்குன்னு சொல்லுவாங்கல்ல. அந்த வரிசையில கண்ணாடிக் கடைக்காரன் மாப்பிள்ளையையும் சேத்துக்கலாம். என்ன தொழில்னு கேட்டீங்களே, அதான். இருபத்திரண்டு வருஷமாக் கடை. நீங்க எங்க கண்ணு பாக்குறீங்க? கடையிலயா? கடையோட விட்டுடாதீங்க சார். ஒரு தடவை டாக்டர்கிட்ட போய் ஓரத்தையும் பாக்கச் சொல்லுங்க.

திட்டலாமில்ல? ஒரே ஒரு வார்த்தை. டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்தான், கோட்டுப் பொத்தானப் போட்டுக்கிட்டே, மச்சான், ஞாயித்துக்கிழமை உங்களால வண்டி எடுக்க முடியுமாங்கிறான். அவ்வளவுதான். தங்கச்சியும் கேக்கல. அவ அவனோட இடது கண்ணு பக்கமா மாறி நடக்க ஆரம்பிச்சுட்டா, அவ்வளவுதான். இவன் அந்த ஜன்னலக் கூடக் கழட்டாம மாட்டிக்கிட்டு வாராவாரம் என் முன்னாடி திரியிறான். ரோஷங்கெட்ட பய. ஒரு அறை விட்டிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

வர்றாங்க. பேச்ச மாத்திக்குவோம். கேக்குதா, வாண்டு கத்துறா பாருங்க. பெஞ்சுல இந்த ஓரம் மாமாவாம், அந்த ஓரம் கண்ணாடி போட்ட தாத்தாவாம், நடுவுல இடம் காலியாம். உங்களையும் கணக்குல சேத்துட்டா.

ஆமா வாண்டு, காலிதான். அப்பாவ மெதுவாக் கூட்டிட்டு வா.

சார், கால மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க.