சரிவுப் பாதையில் ஒரு ரிப்பன்

வெறும் வயிற்றில் மலை ஏறக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாதி மலையில் கண் இருட்டிக்கொண்டு வரும், அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பழம் வாங்கிக்கொண்டு போவேன். தாமரைக்கும் அன்று காலை நான்தான் கொடுத்தேன். கையுறை மாட்டியிருந்தாள் என்பதால் உரித்தே கொடுத்தேன்.

என் பெயர் கார்த்திகேசு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். கடையை விற்ற பிறகு எனக்கு இருந்தது அந்த மலை ஒன்றுதான். பூச்சோங்கைத் தாண்டி இருக்கும் அந்த நீர்த்தேக்கப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றிய தார்ச்சாலையில் நடந்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் இருக்கும் மலைக்குள் எங்கள் ஓட்டக் குழு மட்டும்தான் போகும். அங்கே இருக்கும் பாதைகளில் முக்கால்வாசி நான் கண்டுபிடித்தவை. எந்த வேரில் கால் வைக்கலாம், எங்கே பிரம்பு முள் சட்டையைக் கிழிக்கும், எந்த ஏற்றத்தில் கயிறு கட்ட வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை போய் மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து எல்லாரும் ஓடுவார்கள். நான் கடைசியில் வருவேன். காலைச் சுளுக்கிக்கொண்டவர்களையும் வழி தவறியவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்குவது கடைசி ஆளின் வேலை. தொலைந்துபோனவர் நம்மைப் பார்த்ததும் ஒரு முகம் காட்டுவார் பாருங்கள், அதற்காக எத்தனை மலையும் ஏறலாம்.

ஜெயராஜைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லமாட்டேன். ஷா ஆலமில் இன்ஜினியர், நல்ல ஓட்டக்காரன், நல்ல மனது. எனக்கு முழங்கால் வலி வந்த சமயம், ஓட்டம் முடிந்து எல்லாரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"அண்ணே, இத்தனை வருசம் எங்களுக்காக ஓடிட்டீங்க. இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம்லா. கீழ வாட்டர் பாயிண்ட்ல உக்காந்துக்குங்க, நாங்க உங்கள வந்து பாக்குறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருந்தார்கள். அதில் உட்காரச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். சிரித்தேன். ரிப்பன் கட்டும் வேலையை ஜெயராஜ் எடுத்துக்கொண்டான். கடைசி ஆள் யார் என்று கேட்டேன். இப்போது எல்லார் போனிலும் வரைபடம் இருக்கிறது, கடைசி ஆள் என்று ஒருவர் தேவையில்லை என்றான். அந்தப் பள்ளத்தாக்கில் போனுக்குச் சிக்னலே கிடைக்காது. நான் அதைச் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே.

கொஞ்ச மாதம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வருகிறவர்கள் "தேங்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கடைசி ஆள் ஏன் வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவைப்பது என் கடமை என்று அப்போதுதான் தோன்றியது. ஒருவர் கொஞ்ச நேரம் தொலைய வேண்டும். நான் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

மலையின் பாதி உயரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் முகட்டு வழியாகச் சுற்றி ஏரிக்கு இறங்கும். இடது பக்கம் பழைய பாதை. மண் சரிந்து பள்ளம் விழுந்ததால் நானே அதைக் கைவிட்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் மேலே போய், வலது பக்கத்தில் ஜெயராஜ் கட்டியிருந்த ரிப்பன்களை அவிழ்த்து இடது பக்கத்தில் கட்டினேன். பழைய ஆட்களுக்கு மலை அத்துப்படி, ரிப்பனைப் பார்க்கவே மாட்டார்கள். ரிப்பனைப் பார்த்து ஓடுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். கிள்ளானிலிருந்து வரும் தாமரை. பாலர் பள்ளி ஆசிரியை, சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, மெதுவாகத்தான் ஓடுவாள். ஆகவே அவள்தான் என்பது எனக்கு முன்பே தெரியும். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. நான் அவசரப்படவில்லை. ஜெயராஜ் இரண்டு முறை போன் அடித்துப் பார்த்தான். பிறகு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். "அண்ணே, நீங்க கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா? உங்களுக்குத்தான் தெரியும்" என்றான். அந்த வார்த்தை போதும் எனக்கு. அன்றைக்கு அதோடு முடிந்திருக்க வேண்டியது.

தாமரை பள்ளத்தின் அடியில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது, கால் திரும்பியிருந்த விதத்திலேயே தெரிந்தது. முகமெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தைக் காட்டினாள், மேடம். நான் அத்தனை நாள் ஏங்கிய முகம்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் அங்கிள்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "காலையில நான் சீக்கிரமே வந்துட்டேன். கார்ல உக்காந்திருந்தேன். நீங்க கையில ரிப்பனோட எறங்கி வந்ததப் பாத்தேன். அந்தப் பக்கம் வழுக்கும்னு நீங்க ரூட்ட மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். அதான் தைரியமா இதுல வந்தேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் சிக்கல். இதே குரலில், இதே நன்றியோடு, மருத்துவமனையில் வந்து பார்க்கிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வாள்.

நான் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டைகளை எடுத்துவிட்டேன். மேலே போனால் சிக்னல் கிடைக்கும் என்று சொல்லி அவள் போனை வாங்கிக்கொண்டேன். கழுத்திலிருந்த விசிலையும் கேட்டேன். குழுவில் எல்லாரும் விசில் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டதே நான்தான்.

"விசில் எதுக்கு அங்கிள்?"

ஆட்களுக்கு வழி காட்ட ஊதுவேன் என்றேன். கழற்றிக் கொடுத்தாள். தண்ணீர்ப் புட்டியை அவளிடமே விட்டுவிட்டேன். வேறு ஒருவராக இருந்தால் அதையும் எடுத்திருப்பார்.

இறங்கும்போது ரிப்பன்களை அவிழ்த்துப் பழையபடி வலது பக்கத்தில் கட்டினேன். போன் ஏரிக்குள் போயிற்று. கீழே வந்து, பழைய பாதை முழுவதும் பார்த்தேன், யாரும் இல்லை, அணைக்கரைப் பக்கம் புதிய காலடி தெரிகிறது என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாக்காரர்கள் வந்ததும் தண்ணீரில் தேடத் தொடங்கினார்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டபோது மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். பழைய பாதைப் பக்கத்துக்கு நானே வழிகாட்டியாகப் போகிறேன் என்றேன். என்னோடு ஒரு மலாய்க்கார வீரர் வந்தார். பள்ளத்துக்கு மேலே, மரங்கள் மறைக்கும் முகட்டில் நடந்துகொண்டிருந்தோம். அவர் சட்டென்று நின்றார். ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். எனக்கும் கேட்டது. மெல்லிய குரல். "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. வார்த்தை அவருக்குப் பிடிபடாதது நல்லதாகப் போயிற்று.

"மொன்யெட்" என்றேன். குரங்கு. மழை விட்டால் இப்படித்தான் கத்தும் என்று மலாயில் விளக்கினேன். அவர் இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, இந்த மலையை என்னைவிட அறிந்தவர் இல்லையென்று கீழே சொல்லியிருந்தார்கள் அல்லவா, தலையாட்டிவிட்டு நடந்தார். மறுநாளும் அதே வழியாகப் போனேன், தனியாக. அன்றும் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த நாள் கூப்பிடவில்லை. அன்று மதியம் மோப்ப நாய் கண்டுபிடித்தது.

நான் அவிழ்க்க மறந்த ஒரு ரிப்பன் பழைய பாதையின் திருப்பத்தில் மரத்திலேயே இருந்தது. ஜெயராஜ் அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை ரிப்பன் கட்டும்போது அவனே கொஞ்ச தூரம் இடது பக்கம் தவறிப் போய்த் திரும்பியிருக்கிறான். அங்கே கட்டியதை அவிழ்க்க மறந்துவிட்டோம் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "எல்லாரும் தப்பு பண்றதுதான் தம்பி" என்றேன்.

தாமரையின் அம்மா சீதாலெட்சுமி, கிள்ளானில் காரியம் நடந்த அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் கொள்ளாமல் என் பிள்ளையைத் தேடினீர்களாமே என்று அழுதார். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். அதைச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமே குழு என்னிடம் வந்து நின்றது. கடைசி ஆள் இல்லாமல் இனி ஓடமாட்டோம் என்றார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். அந்த வருடம் எனக்கு நல்ல வருடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவாக ஓட்டம் வைத்திருந்தோம். நிறைய பேர், பத்திரிகைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். ஜெயராஜ் மைக்கைப் பிடித்தான். வருடம் முழுக்கத் தூங்கவில்லை, அந்த ரிப்பனைக் கட்டியவன் நான்தான், என்னால்தான் அவள் போனாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி அழுதான். சீதாலெட்சுமி எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

"வேணும்னா செஞ்சே? நீயும் எனக்குப் பிள்ளைதான்யா."

அங்கே அழாதவர் யாருமில்லை. ஒவ்வொருவராகப் போய் அவனைத் தழுவினார்கள். மறுநாள் பத்திரிகையில் அவன் படம் பெரிதாக வந்தது. முகட்டுப் பாதைக்குத் தாமரையின் பெயரை வைத்து, அதைப் பராமரிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். நான் கண்டுபிடித்த பாதை. நான் ஓர் ஓரத்தில் பழச்சீப்போடு நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவர் செய்ததை இன்னொருவர் சுமப்பது நியாயமில்லை, மேடம். அதற்காகத்தான் இன்று வந்தேன். மனசாட்சி என்று இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஜெயராஜ் கட்டும் முடிச்சு ஒரு மழைக்குத் தாங்காது. நாய் அவளைக் கண்டுபிடித்த நாளில், அத்தனை மழைக்குப் பிறகும் அந்த ரிப்பன் கழன்று விழாமல் இருந்தது. அதைப் பார்த்தாவது யாருக்கேனும் தோன்றியிருக்க வேண்டும். கட்டியது நான். அவளை அங்கே விட்டுவிட்டு வந்ததும் நான். பத்திரிகைக்குக் கொடுக்கும்போது என் பெயரைச் சரியாகக் கொடுங்கள்.