செட்டிங்கைத் தொட்ட மாப்பிள்ளை

பந்தி தயாரான பிறகும் பசியை அடக்கி, என்னைப் பேச அழைத்திருக்கும் விழாத் தலைவர், நகரி நெசவாளர் சங்கத்தின் நன்முத்து, ஐயா நாகையா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பட்டும் பூவுமாய்ப் பந்தலை நிறைத்திருக்கும் பாசமிகு தாய்மார்களே! புத்தூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் பொழுதோடு புறப்பட்டு வந்த சொந்தங்களே! திருப்பதியிலிருந்து வந்து, இடப்பக்கம் ஒரு கூட்டமாகவும் வலப்பக்கம் ஒரு கூட்டமாகவும், நடுவில் ஒரு நாற்காலி வரிசையைக் காலியாக விட்டு முறைத்துக்கொண்டிருக்கும் கணினிக் கண்மணிகளே! மணமகள் பிரீத்தியின் தாய்மாமன் வெங்கடரமணனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

நான் மேடையிலேயே நரைத்தவன். காலையில் ஒரு கொடியும் மாலையில் ஒரு கொடியும் கட்டிய தலைவர்களுக்கு ஒரே மாலையைப் போட்டவன். கூட்டணி மாறிய அன்று, நேற்றுப் பேசியதை அப்படியே திருப்பிப் போட்டுப் பேசிக் கைதட்டல் வாங்கியவன். கொள்கை மாறியவனைக் கண்டிருக்கிறேன்; கட்சி மாறியவனைக் கண்டிருக்கிறேன்; மேடை ஏறும்போது ஒரு கட்சி, இறங்கும்போது வேறு கட்சி என்று இருந்தவனையும் கண்டிருக்கிறேன். ஆனால் எடிட்டர் மாறிய ஒருவனை இன்றுவரை நான் கண்டதில்லை, கண்டதில்லை, கண்டதே இல்லை!

என்ன ஐயா கேட்கிறீர்கள்? பத்திரிகை ஆசிரியரா? இல்லை ஐயா. கணினி என்ன செய்யவேண்டும் என்று இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகிறார்களே, அதை எழுதுவதற்கான கருவிக்குப் பெயர் எடிட்டர். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று அவரவர் இஷ்டப்படி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதைச் செட்டிங் என்பார்கள். அதில் இரண்டு பெருங்குலங்கள். ஒன்று விம். இன்னொன்று ஈமாக்ஸ். விம் குலத்தார் மவுஸைத் தொட்டால் தீட்டு என்கிறார்கள். ஈமாக்ஸ் குலத்தார் கன்ட்ரோல் விசையை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் கோணிப்போனாலும் அதை விழுப்புண் என்கிறார்கள். இடப்பக்கம் என்ன கைதட்டல்? விம்மா? உட்காருங்கள் தம்பி, இன்னும் உங்களைத் திட்டி முடிக்கவில்லை.

பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் பார்த்தோம், பொருந்தியது. வீட்டில் தமிழா தெலுங்கா என்று கேட்டோம், இரண்டும் என்றார்கள். திருப்பதியில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். இதைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்? பெண் விம், பிள்ளை ஈமாக்ஸ் என்பதை எந்த ஜோசியராவது சொன்னாரா?

மாப்பிள்ளை பிரபாகர் நல்லவர். அதுதான் வினையாகப் போனது. நிச்சயதார்த்தத்தன்று பிரீத்தியின் லேப்டாப் திறந்திருந்தது. பாவம், இந்தப் பெண் இவ்வளவு காலமாக விம்மில் கிடந்து கஷ்டப்படுகிறாளே என்று அவருக்குக் கருணை பொங்கியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய விசைகளையெல்லாம் ஈமாக்ஸ் மாதிரியே வேலை செய்யும்படி மாற்றி வைத்துவிட்டார். கல்யாணப் பரிசாம்! தாய்மார்களே, நீங்கள் தாளிக்கிற நேரத்தில் யாரோ வந்து அஞ்சறைப் பெட்டியைக் கலைத்து அடுக்கிவைத்தால் என்ன செய்வீர்கள்? அந்தக் கரண்டியாலேயே போடுவீர்களா, மாட்டீர்களா?

பிரீத்தி மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தாள். மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றுக்கு, பழ வண்டிகளுக்கு வரிசைப்படி டோக்கன் கொடுக்கும் சாஃப்ட்வேர் அது. ஒரு விசையைத் தட்டினாள், வேறெதுவோ நடந்தது. நாலு வரி காணாமல் போனது அவள் கண்ணில் படவில்லை. கை பழக்கத்தில் சேமித்து, ஃபேக்டரிக்கும் அனுப்பிவிட்டது. ஃபேக்டரியில் டோக்கன் மிஷின் நின்றுவிட்டது! ஆனி மாதத்து வெயில். கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள். அந்த வரிசையில் பெண்ணைப் பெற்றவர், என் அக்காள் கணவர், விவசாயி நாகபூஷணத்தின் டிராக்டரும் ஒன்று; துணைக்கு நானும் போயிருந்தேன். ஒரு வருஷத்து உழைப்பு ஐயா, வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

ஆபீஸில் பழி பிரீத்தி தலையில் விழுந்தது. செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். யார் கைவரிசை என்று புரிந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஃபேக்டரிக்கு வந்து, அப்பனிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நைனா, எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம்."

"இன்னாமா சொல்றே? குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற பொண்ணு எதுனா...?"

"இல்ல நைனா. என் செட்டிங்க மாத்திட்டான்."

நாகபூஷணம் என் பக்கம் திரும்பினார். "இன்னா மச்சான் அது, செட்டிங்கு?" சொந்தங்களே, எத்தனையோ மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்ன நான், அன்று அந்த மாமரத் தோப்பு மனிதனிடம், 'அதுவும் ஒரு கட்சி மாதிரிதான் மாமா' என்று சமாளித்தேன்.

அதற்குள் ஆபீஸ் அனுப்பி மாப்பிள்ளையும் பைக்கில் வந்து சேர்ந்தார். இருவரும் உள்ளே போனார்கள்; நாங்களும் பின்னாலேயே போனோம். மேனேஜர் கிரண்குமார் குறுக்கே கையை நீட்டினார். "ஏமண்டி, இந்த சிஸ்டம்ல புதுசா ஒண்ணும் ஏத்தக்கூடாது. இருக்கறத வெச்சிக்கினு பாருங்க."

இருந்தது என்ன? விம் இருந்ததா? இல்லை! ஈமாக்ஸ் இருந்ததா? இல்லை! பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் பெயரை அடித்துப் பார்க்குமே, அந்த நோட்பேட் இருந்தது! இரண்டு மகாரதர்களும் அதைத் தொடக் கூசி, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நாகபூஷணத்துக்குப் பொறுக்கவில்லை.

"வண்டில பழம் ஒழுகிக்கினு இருக்குது, நீங்க மொறச்சிக்கினு நிக்கிறீங்களே! ரெண்டு பேரும் உக்காருங்க!"

இருந்தது ஒரே ஸ்டூல். பாதியில் அவள், பாதியில் அவர். "என்ன எழுதியிருந்தேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல" என்றாள் பிரீத்தி. உடனே பிரபாகர் சொல்ல ஆரம்பித்தார். முதல் வரி. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அவள் எதில் எழுதினாள் என்று முகம் சுளித்த மனிதர், அவள் என்ன எழுதினாள் என்பதை எழுத்து விடாமல் படித்து மனதில் வைத்திருந்தார்! பிரீத்தி அடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா, மறைக்க என்ன இருக்கிறது?

"தப்பு என்னுது பிரீத்தி. ஆபீஸ்ல நானே சொல்லிடறேன்" என்றார். "மொதல்ல அடுத்த வரிய சொல்லு" என்றாள் அவள். டோக்கன் வந்தது. டிராக்டர் நகர்ந்தது. வெளியே வந்ததும் இருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள்: "மாமா, நோட்பேட்ல அடிச்சோம்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க." மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதைத்தான் மறைக்க முடியும்? தம்பிகளே, ஏன் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிறீர்கள்? ஆகா, முதல்முறையாக இரு குலமும் ஒன்றாக எழுந்திருக்கிறது!

வாழ்த்த வந்தவர்களெல்லாம் ஓருயிராய் வாழுங்கள் என்றார்கள். நான் சொல்லமாட்டேன். இரண்டு பேராகவே வாழுங்கள். இரண்டு லேப்டாப், இரண்டு எடிட்டர், இரண்டு மேசை இருக்கட்டும். யாரும் யாரையும் திருத்தவேண்டாம். மாப்பிள்ளை, அவள் எழுதுவதை என்றைக்கும் படியுங்கள், அவள் செட்டிங்கை மட்டும் தொடாதீர்கள். பிரீத்தி, அவர் சுண்டுவிரலுக்கு இரவில் எண்ணெய் தேய்த்துவிடு, ஈமாக்ஸை விடச் சொல்லாதே!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், இலை போட்டுக் காத்திருக்கும் சமையல்காரர்களுக்கும் நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! வணக்கம்!