சோதனைக்கு மட்டும்

மற்றவர்களுக்கு உதவுவதில் எனக்கு ஒரு தனி நிம்மதி உண்டு, மதாம் இனாஸ். அதனால்தான் மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக அந்த இணையப் பக்கத்தை நடத்துகிறேன். சின்னச் சின்ன நிரல் துண்டுகள், அமைப்புக் குறிப்புகள். அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். கெய்ரோவில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள்.

நம் உணவு டெலிவரி நிறுவனத்தில் நிரல் எழுதும் தர்வத்தும் அப்படித்தான். எடுப்பான், ஒட்டுவான், நான் எழுதிய விளக்கங்களை மட்டும், மாட்டிக்கொள்ளாமலிருக்க, அழித்துவிடுவான். பிறகு கூட்டத்தில், "ராத்திரி பூரா மண்டைய உடைச்சேன் மதாம்" என்பான். நீங்களும் அவன் முதுகைத் தட்டுவீர்கள். எனக்கு வயிறு எரியும், அதை மறைக்கவில்லை.

ரமலானுக்கு முன், உணவு ஆர்டர்களை வேகமாகப் பிரித்தனுப்பும் நிரல் துண்டு ஒன்றை வெளியிட்டேன். அதில் ஒரு வரி எல்லா ஆர்டர்களையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிடும். அதன் தலைமேலேயே எழுதியிருந்தேன்: 'சோதனைக்கு மட்டும். அடுத்த வரியை நீக்கிவிட்டுப் பயன்படுத்தவும்.' தர்வத் எச்சரிக்கையை நீக்கினான், வரியை வைத்துக்கொண்டான். இதில் என் பிழை என்ன?

அந்த வரி ரமலான் வெள்ளிக்கிழமைகளில், நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டுமே வேலை செய்யும். மற்ற நேரத்திலும் செய்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா.

முதல் வெள்ளிக்கிழமை, தான் கட்டிக்கொள்ளப்போகும் சஹரின் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போயிருந்தான். அங்கிருந்து என்னை அழைத்தான்.

"தலைவா, ஊர்ச் சோறு பூரா இங்க வந்து இறங்குது. படியில கால் வைக்க எடமில்ல. சஹரோட அப்பா என்னையே மொறைக்கிறாரு, ஏதாவது பண்ணு!"

"விருந்துக்குத்தானே போன பாஷா, வயிறாரச் சாப்பிடு," என்றேன்.

பாங்கு சொன்னபோது பாதி நகரம் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. பாவம்தான். ஆனால் நோன்பாளிகளுக்குப் பொறுமை புதிதல்ல.

நீங்கள் அவனை வேலையை விட்டு அனுப்பினீர்கள். ஊரைப் பட்டினி போட்டவனுக்குப் பெண் கிடையாது என்று சஹரின் அப்பாவும் சொல்லிவிட்டாராம். படிக்காமல் ஒட்டுகிறவர்களுக்கு இது ஒரு பாடம். சொந்தப் பகை எதுவும் இல்லை.

முகவரியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மனதில் தோன்றிய ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். போன ரமலானில் சஹர் நான் போட்ட நிச்சய மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தது அந்த வாசலில்தான்.